ஊர் தொலைத்த நாற்காலிகள்

பழைய மரச்சாமான் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை வருஷம் பழசு? கடைக்காரரும் தயங்குவதில்லை. “டச்சுக்காரன் காலத்துப் பீஸ் சார், இருநூறு வருஷம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு மேலே படிந்த தூசியைத் துணியால் தட்டிவிடுவார். பேச்சு அங்கிருந்து விலைக்குப் போய்விடும். எந்த ஊரில் செய்தது, எந்த வீட்டிலிருந்து இறங்கியது, எந்தப் பட்டறையின் வேலை என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. அப்படிக் கேட்காமல் விட்டால் ஒரு பொருளுக்கு என்ன நேரும் என்பதற்கு நம் சோழமண்டலக் கரையைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் செய்யப்பட்ட கருங்காலி நாற்காலிகள், இங்கிலாந்து மாளிகைகளில் நூறாண்டுக்கும் மேலாக இங்கிலாந்தின் பழம்பொருள் என்ற பெயரில் நின்றன.

அந்த நாற்காலிகள் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உட்காரும் இடம் தாழ்வு, முதுகும் தாழ்வு. முன்கால்கள், கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், முதுகின் இரு பக்கத்துச் சட்டங்கள் எல்லாமே முறுக்கிய கயிறு போன்ற கடைசல். முதுகில் மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை. இரண்டுக்கும் நடுவில் விரல் பருமனில் முறுக்குக் கம்பிகள் வரிசையாக நிற்கும். உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல். பலகைகளில் ஓர் அங்குல இடம்கூட வெறுமையாக விடப்படாமல் கொடியும் பூவும் ஓடுகின்றன. முற்பட்ட வேலைகளில் அந்தக் கொடிகளுக்கு நடுவே பறவைகள், கடற்கன்னிகள், கற்பனை விலங்குகள் தலைகாட்டும். பிற்பட்டவற்றில் உருவங்கள் குறைந்து பூக்கள் பெரிதாகி, செதுக்கலும் ஆழமாகிவிடும்.

முறுக்குக் கடைசலைச் செய்வது எளிதில்லை. பட்டைக் கயிற்றால் முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் கடைசல் பட்டறையில் உருளை மட்டும்தான் வரும். முறுக்கை அந்த உருளையின் மேல் சாய்கோடாக வரைந்துகொண்டு, வாளால் கீறி, உளியால் தோண்டி, அரத்தால் தேய்த்துக் கையாலேயே கொண்டுவர வேண்டும். அதையும் கருங்காலியில் செய்ய வேண்டும். கருங்காலி நீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம். கைப்பிடி அளவு மரத்தைச் செதுக்குவதற்குள் உளியின் முனை மழுங்கிவிடும். அடி சற்றுப் பிசகினால் சில்லாகத் தெறிக்கும். அப்படிப்பட்ட மரத்தில் ஒரே நாற்காலியில் பத்துப் பன்னிரண்டு முறுக்குக் கம்பிகள், எல்லாம் ஒரே அளவில். செய்தவர் சாதாரணத் தச்சர் இல்லை.

இந்த வேலைக்கு இங்கிலாந்தின் பெயர் ஒட்டிக்கொண்ட கதையில் முக்கியமான ஆள் ஹொரேஸ் வால்போல். பிரிட்டனின் முதல் பிரதமர் ராபர்ட் வால்போலின் மகன். எழுத்தாளர், பழம்பொருள் சேகரிப்பாளர். லண்டனை அடுத்த ட்விக்கனத்தில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற மாளிகையைப் பழைய கோதிக் பாணியில் கட்டி, அதற்குப் பொருத்தமான பழைய சாமான்களைத் தேடித் தேடி வாங்கினார். 1763இல் ஓர் ஏலத்தில் இந்த வகைக் கருங்காலி நாற்காலிகள் அவருக்குக் கிடைத்தன. அவை டியூடர் மன்னர்கள் காலத்தவை என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. எட்டாம் ஹென்றியின் அமைச்சராக இருந்த கார்டினல் வுல்சியோடு தொடர்புடைய ஈஷர் மாளிகையில் இதே மாதிரி நாற்காலிகள் இருந்தன. ஆகவே இவையும் வுல்சி காலத்தவை என்பது அவர் கணக்கு. வுல்சி இறந்தது 1530இல். நாற்காலிகள் செய்யப்பட்டது 1660க்குப் பிறகு. நூற்று முப்பது ஆண்டுகளையும் ஒரு பெருங்கடலையும் அந்தக் கணிப்பு தவறவிட்டது.

வால்போல் சொன்னதால் மற்றவர்களும் நம்பினார்கள். பழைய வீடுகளில் கருங்காலி நாற்காலி கண்ணில் பட்டதெல்லாம் டியூடர் ஆனது. 1836இல் ஹென்றி ஷா பழைய மரச்சாமான்களின் சித்திரங்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டபோது இந்த வகை நாற்காலி ஒன்றும் அதில் ஆங்கிலப் பழம்பொருளாக இடம்பெற்றது. பிறகு வேறொரு கதை கிளம்பியது: 1662இல் இரண்டாம் சார்லஸை மணந்த போர்ச்சுக்கல் இளவரசி கத்தரீன் கொண்டுவந்த சீர்வரிசை இது, ஆகவே போர்ச்சுக்கீசிய இந்திய வேலை என்றார்கள். இதில் இந்தியா வந்துவிட்டது என்றாலும் கரை இன்னும் வந்து சேரவில்லை.

20ஆம் நூற்றாண்டில்தான் கணக்கு நேரானது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இடங்களிலெல்லாம் இதே நாற்காலி, இதே தொட்டில், இதே சாய்விருக்கை கிடைப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். யான் வேனண்டால் 1985இல் டச்சுக் காலத்து இந்தோனேசிய, இலங்கை, இந்திய மரச்சாமான்களைப் பற்றி வெளியிட்ட நூலும், அமின் ஜாஃபர் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்காக 2001இல் எழுதிய பெரிய தொகுப்பும் இந்த விஷயத்தில் முக்கியமானவை. இன்று விக்டோரியா ஆல்பர்ட்டிலோ ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்திலோ இந்த வகை நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டையில் ‘சோழமண்டலக் கரை’ என்று எழுதியிருக்கும். காலம் ஏறத்தாழ 1660 முதல் 1680 வரை.

இதற்காக மகிழலாம். ஆனால் அட்டையை மறுபடி படித்துப் பாருங்கள். கரை இருக்கிறது, ஊர் இல்லை. மசூலிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையில், எந்தத் துறையின் தச்சர்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழவேற்காடு பொருத்தமான இடம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஊரிலிருந்து ஏரியின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவில் மணல் திட்டு. அதில்தான் குப்பமும் கலங்கரை விளக்கமும். காலையில் கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாக ஏறி நிற்கின்றன, பெண்கள் கூடையோடு ஏலத்துக்குக் காத்திருக்கிறார்கள், வலை பிரிக்கும் ஆண்கள் நீல நைலான் நூலில் சிக்கிய நண்டை முறித்துப்போடாமல் பொறுமையாகக் கழற்றுகிறார்கள். வீட்டு வாசல்களில் இருப்பவை பிளாஸ்டிக் நாற்காலிகள். உப்புக் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் அவைதான் தாங்கும்.

முகத்துவாரம் ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது. கடலில் தள்ளியே நங்கூரமிட்டன. இந்தக் கரை முழுவதுமே அன்று அப்படித்தான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையைக் கடந்து சரக்கை ஏற்றி இறக்கியவர்கள் உள்ளூர்ப் படகோட்டிகள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகு, அலை மோதினால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். ஐரோப்பியரின் படகுகளுக்கு அது முடியாது. துணிமூட்டைகளானாலும் கருங்காலி நாற்காலியானாலும் கப்பல் ஏறும் முன் இந்தக் கரையின் படகோட்டிகள் கைப்பட்டே போயிருக்க வேண்டும். அந்த நாற்காலிகளின் வரலாற்றில் தச்சருக்கு இடமில்லாததுபோலப் படகோட்டிக்கும் இடமில்லை.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்றியது 1610இல், விஜயநகர அரசர் வேங்கடரின் அனுமதியோடு. 1612இல் போர்ச்சுக்கீசியர் தாக்கினார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு ஆளுநர் வீற்றிருந்த ஊர் பழவேற்காடுதான். கருங்காலி நாற்காலிகளின் காலமான 1660–80 முழுவதும் இந்த எல்லைக்குள் அடங்குகிறது. துணிதான் முதல் சரக்கு. இந்தக் கரையில் நெய்து சாயமேற்றிய துணிகளைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து அங்கே கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கோட்டையில் நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். ஆளுநர், வணிகர், மாலுமித் தலைவர், அவர்கள் குடும்பங்கள் என்று கையில் பணமிருந்த ஒரு சிறு சமூகம் இங்கே குடியிருந்தது. அவர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும், குழந்தைக்குத் தொட்டில் வேண்டும், கணக்குப் புத்தகம் வைக்கப் பெட்டி வேண்டும். வாங்குகிறவர்கள் இருந்த ஊர் இது என்பது வரை உறுதி. நான் பழவேற்காட்டை முன்னிறுத்துவது இந்த ஆதாரத்தின் மேல்தான். அதற்கு மேல் இழுக்க மாட்டேன்.

இன்னொரு சரக்கையும் சொல்லாமல் விட முடியாது. பழவேற்காட்டிலிருந்து மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். பஞ்சத்திலும் போரிலும் விலைபோன ஆயிரக்கணக்கான தமிழரும் தெலுங்கரும் அடிமைகளாக பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறினார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. இலங்கையிலும் பத்தாவியாவிலும் கிடைக்கும் கருங்காலிச் சாமான்கள் சோழமண்டலத்து வேலையோடு எளிதில் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒத்திருக்கின்றன. மாதிரி போயிற்று, சாமான் போயிற்று என்று மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. கைகளும் போயின. போன கைகளில் எத்தனை விருப்பத்தோடு போனவை என்று கேட்பதும் மரச்சாமான் வரலாற்றின் வேலைதான்.

மரம் போய்விட்டது, கல் இருக்கிறது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அதன் அருகே டச்சுக் கல்லறைத் தோட்டம், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில். நுழைவாயிலின் இரு பக்கமும் எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே படுக்கையாகக் கிடக்கும் பெரிய கருங்கல் பலகைகளில் ஒன்றைக் குனிந்து பாருங்கள். எழுத்துகள் கல்லில் வெட்டப்பட்ட பள்ளங்களாக இருக்காது. எழுத்தைச் சுற்றியிருந்த கல் முழுவதையும் கொத்தி இறக்கிவிட்டு, எழுத்தை மேடாக நிற்கவிட்டிருக்கிறார்கள். விரலை வைத்துத் தடவினால் டச்சு மொழியின் ஒவ்வோர் எழுத்தும் விளிம்போடு தட்டுப்படும். பள்ளமாக வெட்டுவதைப்போலப் பல மடங்கு உழைப்பு இது. செதுக்கியவர்களுக்கு அந்த மொழி படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கண்ணும் கையும் போதும். விளிம்பில் பூங்கொடி, மேலே குடும்ப இலச்சினை, தலைக்கவசம், இறகுகள். ஒரு கல்லில் கெல்ட்ரியா கோட்டையின் உருவத்தையே செதுக்கியிருக்கிறார்கள். கோட்டை போன பிறகும் அது எப்படி இருந்தது என்பதற்கு அந்தக் கல்லறைப் பலகை சாட்சி சொல்கிறது.

இதே முறைதான் நாற்காலி முதுகிலும். பூவைக் கீறி வரையவில்லை. பூவைச் சுற்றிய மரத்தை இறக்கிவிட்டு, பூவை நிற்க விட்டிருக்கிறார்கள். இடைவெளி விடாமல் நிரப்பும் பழக்கமும் ஒன்றே. கல் தச்சரும் மரத் தச்சரும் ஒரே ஆள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர்களில் கோயில் தூணைச் செதுக்குகிறவர்களும் தேரைச் செதுக்குகிறவர்களும் அடுத்தடுத்த தெருவில் இருந்தவர்கள். ஒரே கொடியை இருவரும் அறிவார்கள். பழவேற்காட்டுக் கற்களையும், டச்சுக் கல்லறைகளுள்ள இன்னோர் ஊரான சதுரங்கப்பட்டினத்துக் கற்களையும், லண்டன், ஆம்ஸ்டர்டாம் நாற்காலிகளையும் கொடிக்குக் கொடி, பூவுக்குப் பூ ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை கலை வரலாறு படிக்கும் ஒரு தமிழ் மாணவருக்காகக் காத்திருக்கிறது. கல்லில் ஆண்டு பொறித்திருக்கிறது, நாற்காலியில் இல்லை. ஆண்டுள்ள கல்லைக்கொண்டு ஆண்டில்லாத மரத்தைக் கணிக்கலாம்.

கற்களுக்கு இந்த நல்ல காலம் வாய்த்ததற்குக் காரணம், யாரோ எழுதிவைத்தார்கள். ஆதிச்சநல்லூரை அகழ்ந்த அதே அலெக்சாண்டர் ரீ 1897இல் சென்னை மாகாணத்தின் டச்சு எச்சங்களைப் பற்றி அளவுகளோடும் வரைபடங்களோடும் ஒரு நூல் வெளியிட்டார். ஜே. ஜே. காட்டன் 1905இல் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். பழவேற்காட்டுக் கற்களில் காலப்போக்கில் தேய்ந்த வாசகங்களை இன்று அந்தப் பக்கங்களில் படிக்க முடிகிறது. சோழமண்டலக் கல்லறைப் பலகைகள் கப்பலேறியும் போயின. பத்தாவியாவில் இறந்த டச்சுக்காரர்களுக்குச் சோழமண்டலத்திலிருந்து கல் வரவழைத்தார்கள். இன்றும் ஜகார்த்தாவில் அவற்றைக் காணலாம்.

அப்படிக் கப்பலேறிய கற்களில் ஒன்றின் கதை நாற்காலிக்காரர்களும் படிக்க வேண்டியது. கல்கத்தாவின் தொடக்கத்தோடு பேசப்படும் ஜாப் சார்னக் 1693இல் இறந்தார். அங்கே புனித யோவான் ஆலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த கரும்பலகை வங்காளத்து வண்டல் மண்ணில் கிடைக்கும் கல் இல்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து, அது சென்னைக்கு அருகே பறங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கும் பாறையே என்று கண்டார். 1893இல் அந்தப் பாறை வகைக்கு சார்னக்கின் பெயரால் சார்னக்கைட் என்று பெயரிட்டார். இன்று உலகம் முழுவதும், அண்டார்டிகாவில் கிடைத்தாலும், நிலவியலாளர்கள் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். வெட்டி எடுத்த பல்லாவரத்தின் பெயர் பாறைக்குக் கிடைக்கவில்லை. அதன் கீழே புதைந்தவரின் பெயர் கிடைத்தது. ஆனாலும் கல் தன் ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதன் தாதுக்களின் சேர்க்கையே முகவரி.

மரம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. கருங்காலி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்கிறது. அதன் உறவு மரங்கள் மொரீஷியஸில் இருந்தன. 1638 முதல் டச்சுக்காரர்கள் அந்தத் தீவில் கருங்காலி வெட்டினார்கள். 1658க்குள் இலங்கையின் கரைகளும் அவர்கள் கையில். மரம் ஓரிடம், பட்டறை வேறிடம், வாங்கியவர் மூன்றாம் இடம் என்று கம்பெனிக் கப்பல்கள் எல்லாவற்றையும் கலந்துவிட்டன. குளிர்நாட்டு ஓக் மரத்தில் ஆண்டு வளையங்களை எண்ணி வெட்டிய வருஷத்தையே சொல்லிவிடலாம். கருங்காலியில் அப்படித் தெளிவான வளையம் இல்லை. கார்பன் காலக்கணிப்பும் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பொருள்களில் தடுமாறும். 1670ஆ, 1800ஆ என்று உறுதியாகப் பிரிக்க முடியாது. அறிவியல் கைவிரிக்கும் இந்த இடத்தில் காப்பாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: ஆவணம். யாரிடம் யார் வாங்கினார்கள், எந்த வீட்டில் எத்தனை காலம் இருந்தது என்ற தொடர்ச்சி. அந்தத் தொடர்ச்சி அறுந்ததால்தான் கருங்காலி நாற்காலி டியூடர் ஆனது. சோழமண்டலத்தையே ஐரோப்பியர் கோரமண்டல் என்றார்கள்; ‘கோரமண்டல் திரை’ என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் அரக்குப் பூச்சுத் தடுப்புத் திரைகளோ சீனாவில் செய்தவை. இந்தக் கரையின் துறைமுகங்கள் வழியே ஐரோப்பா போனதால் மட்டும் இந்தப் பெயர்.

பொருள் தன் ஊரைத் தொலைப்பது முந்நூறு ஆண்டுக்கு முந்தைய சங்கதி என்று தள்ளிவிட முடியாது. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அதேதான் நடக்கிறது. சலவைக்கல் பலகை வைத்த மேசைகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கில் கால், மேலே இத்தாலிச் சலவைக்கல். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்து வீடு கட்டிய காலத்தில் இவை வந்தன. 1930களின் பொருளாதார வீழ்ச்சி, 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தது, 1960களில் பர்மிய அரசின் தேசியமயம் என்று அடிமேல் அடி விழுந்தது. பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாமல் பங்காளிகள் பிரித்துக்கொள்ள, தூணும் கதவும் மேசையும் கடைக்கு வந்தன. இப்போது சென்னை, பெங்களூரு வரவேற்பறைகளில் சோபாவுக்கு முன்னால் டீப்பாயாக நிற்கும் சலவைக்கல் மேசைகளில் பல அந்த வழியில் வந்தவை.

வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சோபாவுக்கு முன்னால் போடும் தாழ்ந்த மேசை என்ற வழக்கமே பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுடையது. நூற்றைம்பது வருஷத்து டீப்பாய் என்று ஒருவர் சொன்னால், அது இரண்டரை அடி உயர நடுக்கூட மேசையாக இருந்து ஒன்றரை அடியாக அறுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காலின் அடிப்பக்கம் வெளிறிப் புதிதாக இருக்கும்; பழைய அடியில் பல ஆண்டு தரை துடைத்த ஈரமும் எறும்புப் பொடியும் ஏறி மரம் கறுத்திருக்கும். கடைசலின் கணக்கும் காட்டிக்கொடுக்கும்: குமிழ், பள்ளம், குமிழ் என்று இறங்கிவந்த வடிவம் பாதியில் நின்றிருந்தால், கீழே இருந்த பாதத்தை வாள் தின்றுவிட்டது. மூட்டுகளில் மர ஆணியா, எந்திரத் திருகாணியா என்றும் பார்க்கலாம். முனை கூரான எந்திரத் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் பரவியது; ஆனால் பழைய மேசையைப் பின்னாளில் பழுதுபார்த்தவர் போட்டதாகவும் இருக்கலாம், அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கல்லையும் கவனிக்க வேண்டும். சலவைக்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ. நான்கடிக்கு இரண்டடி, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகை 40 கிலோ இருக்கும். அதைவிட மிக லேசாக இருந்தால் பிசினில் வார்த்த போலியாக இருக்கலாம். தூக்கும்போது படுக்கையாகத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் முறியும். செங்குத்தாக நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். சலவைக்கல் சுண்ணாம்புச் சத்து. எலுமிச்சைச் சாறோ புளியோ சிந்தினால் அந்த இடத்தில் மெருகு அரித்து மங்கும். காபிக் கறை உள்ளே இறங்கும். நூறு வருஷம் புழங்கிய கல் என்றால் இப்படிச் சில மங்கல்கள் இருந்தே தீரும். பளபளவென்று புது மெருகு ஏற்றிய கல்லைவிட மங்கல் உள்ள கல்லைத்தான் நான் மதிப்பேன். மெருகேற்றும் எந்திரம் ஓடும்போது அந்த வீட்டின் தடயமும் சேர்ந்து தேய்ந்துபோகிறது.

சட்டம் ஓரளவுக்குத் துணை நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருள்கள் அதன் எல்லைக்குள் வருகின்றன. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. நூறு ஆண்டு ஆகாதது என்றால் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்று பெற்று அனுப்பலாம். ஆனால் சட்டத்தின் கவனம் பெரும்பாலும் எல்லை தாண்டுவதில்தான். ஊருக்குள்ளேயே ஒரு வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து இன்னொரு வீட்டுக்கும் போகும் மேசையின் கதையைப் பெரும்பாலும் யாரும் எழுதிவைப்பதில்லை.

பழவேற்காட்டில் கைவேலை அற்றுப்போகவில்லை. முஸ்லிம் பெண்கள் பனையோலையில் மூடியுள்ள பெட்டிகளைப் பின்னுகிறார்கள். சாயமேற்றிய ஓலைக்கீற்றுகள் சதுரம் சதுரமாக ஓடும் அழகான வேலை. கண்காட்சிகளில் அவை விலைபோகின்றன. பின்னியவரின் பெயரும் ஊரின் பெயரும் எழுதிய ஒரு சிறு துண்டுச் சீட்டைப் பெட்டிக்குள் வைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. இன்னும் இருநூறு ஆண்டு கழித்து ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில் ‘தென்னிந்தியா, 21ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் அந்தப் பெட்டிக்கு அட்டை எழுதும் நிலை வரக் கூடாது. அதேபோல, ஊரைப் பார்க்க வரும் மாணவர்கள் கண்ணில் படும்படி அந்தக் கருங்காலி நாற்காலிகளின் நல்ல படங்களை ஊரிலேயே வைக்க வேண்டும். லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போய்ப் பார்க்க இயலாத பிள்ளைகள், தங்கள் கடல் வழியே என்ன போயிற்று என்பதை இங்கேயே தெரிந்துகொள்ளட்டும்.

வாசகரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் பழைய மேசையோ நாற்காலியோ பெட்டியோ இருந்தால், விற்பதானாலும் வைத்திருப்பதானாலும், ஒருமுறை கவிழ்த்து அடிப்பக்கத்தையும் மூட்டுகளையும் படமெடுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அது எந்த ஊரிலிருந்து வந்தது, யார் செய்தது, எந்தக் கல்யாணத்துக்கு வாங்கியது என்று கேட்டுத் தேதியோடு எழுதுங்கள். செய்த ஆசாரியின் பெயர் நினைவிருந்தால் அதைத் தவறாமல் எழுதுங்கள். விற்கும் நாளில் அந்தத் தாளின் ஒரு பிரதியை மேசையோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.